கெக்ஸ் வந்த வழி

இன்டர்வியூவில் பேச எனக்குக் கொடுத்தது மூன்று நிமிடம். நான் எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு பிஸ்கட். ஜெர்மன்காரர்கள் அதைக் கெக்ஸ் என்கிறார்கள். இங்கிலீஷ்காரர்களின் கேக்ஸ்தான் அங்கே போய் அப்படி ஆகிவிட்டது. கேக்ஸ் என்றாலே பல கேக்குகள் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. ஒற்றைப் பிஸ்கட்டையே கெக்ஸ் என்று சொல்லி, பலதுக்குக் கெக்ஸே என்று இன்னொரு வாலையும் ஒட்டிவிட்டார்கள். இதைப் படித்த அன்று நர்ஸ் ரூமில் ஒருத்தியை விடாமல் பிடித்துவைத்துச் சொன்னேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

பெரம்பலூரில் ஒரு ஹோட்டல் ஹாலில் இன்டர்வியூ. ஜெர்மனி ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஒரே ஒரு நர்ஸ்தான் தேவை. கீழப்பழுவூரிலிருந்து பைக்கில் கொண்டுவந்து விட்ட என் வீட்டுக்காரர் அறிவழகன், "பயப்படாம பேசிட்டு வா நர்மதா, கீழ டீக்கடையில நிக்கிறேன்" என்றார்.

உள்ளே இருந்த ஜெர்மன் அம்மா ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினார். "கெக்ஸ்?"

எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. நான் படித்த சொல், வெண்ணெய் வாசனையோடு, கைக்கெட்டும் தூரத்தில். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. ஆனால் என் வாய் நம் ஊர் வாய். "வேண்டாம், நன்றி" என்றது. நம் பக்கம் முதல் தடவை வேண்டாம் என்பதுதானே மரியாதை? இன்னும் இரண்டு தடவை வற்புறுத்துவார்கள், எடுத்துக்கொள்ளலாம். அந்த அம்மா டப்பாவை மூடிவிட்டார்.

அடுத்து, "வார்டில் தனியாகச் சமாளிக்க முடியாவிட்டால் உதவி கேட்பீர்களா?" என்றார்.

"கட்டாயம் கேட்பேன்."

"எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். அங்கே வந்தபின் வாயே திறப்பதில்லை. கஷ்டம் நோயாளிக்கு." ஃபைலை ஓரமாகத் தள்ளினார். வேலை கையை விட்டுப் போவது தெரிந்தது.

"மன்னியுங்கள், நானும் இப்போதுதான் பொய் சொன்னேன். எனக்கு நல்ல பசி. கெக்ஸ் வேண்டும். இரண்டு."

டப்பா திறந்தது. ஒன்றை மென்றுகொண்டே, அந்த மூன்று நிமிடத்துக்கென்று வைத்திருந்த கேக்ஸ் கெக்ஸான கதையை ஒரே மூச்சில் கொட்டினேன். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "ஐம்பது வருஷமாகத் தின்கிறேன், இது தெரியாமல்." ஃபைலைத் திரும்ப இழுத்தார். "ஏப்ரலில் சேரலாமா?"

உங்கள் இஷ்டம் என்று சொல்ல நாக்கு துடித்தது.

"முடியாது," என்றேன். "அப்போது என் தங்கைக்குக் கல்யாணம். மே மாதம் வருகிறேன்."

அவர் தலையாட்டி, மே என்று எழுதிக்கொண்டார்.