அம்மாகிட்ட போனக் குடு

ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி பாமா லிங்கராஜபுரத்துக்கு வந்து சேர்ந்தபோது, மௌரீன் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலில் முன்பின் பார்த்திராத பெண். கையில் பெரிய பிளாஸ்டிக் பை.

"குளோரியா அக்கா வீடுதானே? நான் குவைத்துல அவங்க கூட ஒரே கம்பெனியில க்ளீனிங் வேலை பாக்கறேன். லீவுல வந்தேன். இதக் குடுக்கச் சொன்னாங்க."

மௌரீனின் முகம் இறுகியது. தங்கையின் பெயர் காதில் விழுந்தாலே இப்போதெல்லாம் அப்படித்தான். பெற்ற தாய் செத்தபோது வராதவள். 'லீவு கெடைக்காது, எனக்காகக் காத்திருக்க வேணாம், எடுத்துடுங்க' என்று அண்ணன் மதலைமுத்துவிடம் போனில் சொல்லி முடித்துக்கொண்டவள். சொந்தக்காரர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லித் தலைகுனிந்தது மௌரீன்தான். அதற்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வந்தவளை நிற்க வைத்துப் பேசக் கூடாதே என்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். பாமா பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒரு போர்வை, பவுடர் டப்பா, முழங்கால் வலிக்குத் தடவும் களிம்பு.

"இது அம்மாவுக்கு. படுக்கறதுக்கு முன்னாடி தேய்ச்சு விடணுமாம். அம்மா உள்ள படுத்திருக்காங்களா? கண்ணால பாத்துட்டு வந்து சொல்லணும்னு அக்கா சத்தியம் வாங்கிட்டு அனுப்பினாங்க."

மௌரீனுக்கு முதலில் புரியவில்லை. கையில் இருந்த களிம்பையும் பாமாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா செத்து எட்டு மாசமாச்சும்மா."

பாமா எழுந்தே விட்டாள். "என்னக்கா சொல்றீங்க? நான் கெளம்பற வாரம் கூட அண்ணன் கிட்ட பேசிட்டு, அம்மாவுக்கு ஊசி போடணுமாம்னு பணம் அனுப்பிட்டு வந்து அழுதாங்களே!"

அன்று மௌரீன் வேலைக்குப் போகவில்லை. பல் டாக்டரின் கிளினிக்கில் வருகிறவர்களுக்கு டோக்கன் சீட்டுக் கொடுக்கும் வேலை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

அவள் வீட்டில் போன் கிடையாது. குளோரியா பேசுவதெல்லாம் மதலைமுத்துவின் கடை நம்பருக்குத்தான். மெயின் ரோட்டில் பைக்குகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை. அம்மாவுக்கு நடமாட்டம் இருந்தவரை கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் இருவரும் கடைக்குப் போய்ப் பேசுவார்கள். அப்போதும் முதலில் வாங்குவது அண்ணன்தான். பேச வேண்டியதையெல்லாம் பேசிவிட்டு, "சீக்கிரம், பில் ஏறுது" என்று சொல்லிக்கொண்டே ரிசீவரை நீட்டுவான். அம்மா "சாப்பிட்டியாடி?" என்று கேட்டு முடிப்பதற்குள் லைன் போய்விடும். அம்மா படுத்த பிறகு அதுவும் இல்லை. அங்கே நடப்பதை இவர்களுக்கும் இங்கே நடப்பதை அவளுக்கும் சொன்னது மதலைமுத்து ஒருவன்தான்.

பாமா கொடுத்துவிட்டுப் போன குவைத் ஹாஸ்டல் நம்பரோடு மௌரீன் சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். குளோரியா வேலை முடிந்து அறைக்குத் திரும்பியிருக்கும் நேரம். யாரோ ஒரு பெண் எடுத்தாள். "மூணாவது மாடி, கூட்டிட்டு வரேன், இருங்க" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனாள். கண்ணாடிக்கு மேலே மீட்டரின் சிவப்பு எழுத்துகள் தாவித் தாவி ஏறின. காதில் யாரோ துணி துவைக்கும் சத்தமும் ஒரு பக்கெட் உருளும் சத்தமும்தான் கேட்டன. பர்ஸில் இருந்தது தீரப்போகிறது என்று தெரிந்ததும் அவளே வைத்துவிட்டாள்.

"அவங்க இன்னும் வரவே இல்லையே!" என்றாள் பூத்காரரிடம்.

"ஹோல்டு பண்ணாலும் மீட்டர் ஓடும் மேடம். ஐ.எஸ்.டி. அப்படித்தான்."

மறுநாள் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிக்கொண்டு போனாள். அதேதான். கடைசியில் படியிறங்கும் காலடிச் சத்தமும் மூச்சு வாங்க ஒரு "ஹலோ"வும் கேட்டன. அதற்குள் கையிருப்பு தீர்ந்து, பூத்காரர் பாவமாகக் கையைக் காட்டினார். ஒரு சாவைச் சொல்லக்கூட வக்கில்லாமல் தெருவில் நின்றபோது, அவளுக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது.

அப்படி நின்றபோதுதான் எதிரே வீணா என்ற பெண் நடத்தும் பிரவுசிங் சென்டரில் ஒட்டியிருந்த காகிதம் கண்ணில் பட்டது. நெட் போன், கல்ஃப், அமெரிக்கா, லண்டன். பக்கத்தில் எழுதியிருந்த ரேட்டைப் பார்த்து, எழுத்துப் பிழை என்றே நினைத்தாள்.

"பிழை இல்ல மேடம், நெஜந்தான்," என்றாள் வீணா. கன்னடக்காரிதான், தமிழும் நன்றாகப் பேசுவாள். "கம்ப்யூட்டர் வழியா போகுது, அதனால சீப். போன வருஷந்தான் கவர்மென்ட்ல அலவ் பண்ணாங்க. ஒண்ணு மட்டும், நீங்க பேசறது அங்க லேட்டாப் போகும். பேசி முடிச்சதும் ஸ்வல்ப... கொஞ்சம் நில்லுங்க. இல்லன்னா ரெண்டு பேர் பேச்சும் மோதிக்கும்."

மௌரீன் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். மறுபடியும் அதே மூன்றாவது மாடி, அதே பக்கெட் சத்தம். ஆனால் இந்தத் தடவை காத்திருக்க முடிந்தது.

"அக்கா? நீயா? கோவம் தீந்துச்சா? அம்மாகிட்ட போனக் குடுக்கா!"

"குளோரியா, அம்மா..."

பேச்சு மோதியது. அவள் சிரிப்பது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "அம்மாகிட்ட குடுக்கா, எவ்ளோ நாளாச்சு கொரல் கேட்டு."

மௌரீன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். சொல்லிவிட்டு, வீணா சொன்னபடி நின்றாள். அந்தப் பக்கம் எதுவுமே வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று அவள் வீணாவைப் பார்த்த நேரத்தில்தான் வந்தது, மனுஷக் குரல் மாதிரியே இல்லாத ஓர் ஓலம்.

அழுது ஓயும்வரை யாரும் வைக்கச் சொல்லவில்லை. பிறகு குளோரியா சொன்னதெல்லாம் வந்தது. அவள் லீவு கேட்கவே இல்லை. கேட்பதற்கு அவளுக்கு எதுவுமே தெரியாது. அம்மாவுக்கு ஊசி, அம்மாவுக்கு ஸ்கேன் என்று மாதாமாதம் பணம் போயிருக்கிறது. பேச வேண்டும் என்று கேட்டால் அண்ணன் சொல்வது, 'அம்மாவால கடை வரைக்கும் நடக்க முடியாது, மௌரீன் உன்மேல கோவத்துல இருக்கா.'

"வெக்காம இங்கயே இருடி. போன் பக்கத்துலயே இரு," என்றாள் மௌரீன்.

சீட் கவர் கடை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். மதலைமுத்து ரெக்ஸின் வெட்டிக்கொண்டிருந்தான். அவன் வீட்டு மாடியில் இரண்டு அறை எழும்பி, ஜன்னலுக்குக் கம்பி வரைக்கும் வந்தாகிவிட்டது. எந்த ஊசிக்கு வந்த பணம் எந்தச் சுவரில் இருக்கிறதோ.

"அம்மா செத்தத ஏன் அவகிட்ட சொல்லல?"

கத்தரி நின்றது. "யார் சொன்னா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"மெல்லப் பேசு. கஸ்டமர் இருக்காங்க." அவன் எழுந்து அருகே வந்தான். "சொன்னா கான்ட்ராக்ட்ட முறிச்சுட்டு ஓடி வருவா. அப்புறம் யார் சம்பாதிக்கிறது? அப்புறமா பதமாச் சொல்லலாம்னுதான் இருந்தேன். ஐ.எஸ்.டி.ல ரெண்டு நிமிஷம் பேசறோம். அதுல எப்படிம்மா சாவு சொல்றது?"

"பணம் கேக்க மட்டும் அந்த ரெண்டு நிமிஷம் போதுமா இருந்துச்சா?"

"குடும்பத்துக்குத்தானே பண்ணேன்!"

"யார் குடும்பத்துக்கு? வா. அங்க எவ்ளோ நேரம் வேணாலும் பேசலாம். வந்து பதமாச் சொல்லு."

"இழுத்துட்டுப் போறதுக்கு நான் என்ன சின்னப் புள்ளையா?"

மௌரீன் நடைபாதையில் இறங்கி நின்றாள். அவள் குரல் அவ்வளவு பெரியது என்று அதுவரை அவளுக்கே தெரியாது. "செத்த அம்மா பேரச் சொல்லி பணம் வாங்கித் தின்னவனே! வரியா, இல்ல கோயில் வாசல்ல போயி நின்னு கத்தட்டுமா?"

பைக்கோடு நின்ற ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தார். மதலைமுத்து கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தான்.

"ஸ்பீக்கர்ல போடுங்க," என்றாள் மௌரீன். வீணா ஹெட்போன் வயரைப் பிடுங்கினாள். மெயில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

"குளோரியா, அண்ணன் பேசறேன். எல்லாம் உன் நல்லதுக்குத்தான்..."

எங்கோ கடல் தாண்டிப் போய் அவன் குரலே திரும்பி வந்தது. அதன் பின்னால் குளோரியா வந்தாள்.

"என் நல்லதுக்கா? நாலு மாசமா டியூட்டி முடிஞ்சு வேற எடத்துல பாத்திரம் கழுவறேன். அம்மா காலுக்குன்னு! எந்தக் காலுக்குடா? மண்ணுக்குள்ள இருக்கற காலுக்கா?"

"குளோரியா, பில் ஏறுது, நான் அப்புறமா..." வாய்ப் பழக்கத்தில் சொல்லிவிட்டான்.

"ஏறட்டும்," என்றாள் மௌரீன். "நான் கட்டறேன். உக்காரு."

அவன் உட்கார்ந்தான். குளோரியா ஒன்றையும் விடவில்லை. அம்மா எந்தக் கிழமை செத்தாள், கடைசியாக யாரைக் கேட்டாள், எந்தப் புடவை கட்டினார்கள் என்று கேட்டாள். மதலைமுத்துவுக்குப் புடவை நினைவில் இல்லை. பொய் சொல்லப் பார்த்தான். மௌரீன் "அது இல்ல" என்றாள். அந்தச் சின்ன அறையில் அவன் வேர்வை வழிய உட்கார்ந்திருந்ததைப் பார்த்தும் அவளுக்கு ஆறவில்லை. சென்டரை விட்டு வெளியே போனவன் அதற்குப் பிறகு அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் தாண்டிவிடுவான்.

மழைக்காலம் தொடங்கும்போது கான்ட்ராக்ட் முடிந்து குளோரியா வந்தாள். அதுவரை வாரம் தவறாமல் வீணாவின் சென்டரில் அக்காவும் தங்கையும் பேசினார்கள். அழுகையும் திட்டும்தான் பாதி. அண்ணனிடமிருந்து ஒரு பைசா திரும்பவில்லை. மாடியில் வாடகைக்கு ஆள் வந்தாகிவிட்டது.

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகாமல் ஆட்டோவை நேராகக் கல்லறைக்கு விடச் சொன்னாள் குளோரியா. குழிமேட்டில் புல் முளைத்திருந்தது. அதன்முன் நெடுநேரம் முழங்காலில் இருந்துவிட்டு, எழுந்து அக்காவைப் பார்த்தாள்.

"அவன் சொன்னான். சரி. அம்மா சாவுக்கு நான் வரமாட்டேன்னு நீ எப்படிக்கா நம்பின?"

மௌரீன் பதில் சொல்ல வாயெடுத்தாள். ஐ.எஸ்.டி. செலவு, வீட்டில் போன் இல்லாதது, அண்ணன் பேச்சு, எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. ஒன்றையும் சொல்லவில்லை.

"நம்பினேன்," என்றாள்.

குளோரியா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். மௌரீன் ஓடிப்போய் அதன் இன்னொரு பிடியைப் பிடித்தாள். தங்கை கையை உதறினாள். மௌரீன் மறுபடியும் பிடித்தாள். வெளிவாசல் வரைக்கும் அப்படியே பெட்டியை இழுத்துக்கொண்டு போனார்கள்.