முதல் பிளாட்பாரத்து எடை மெஷின்

பரசுராமன் காசு போட்டால் சீட்டு விழுந்தது. ஜனங்கள் போட்டால் விழவில்லை. காலையிலிருந்து இதே கூத்துதான். திருவண்ணாமலை ஸ்டேஷனின் முதல் பிளாட்பாரத்தில், தண்ணீர்க் குழாயை ஒட்டி நின்ற எடை மெஷினின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் குந்தியிருந்தான். மேலே யாராவது ஏறி நின்றால்தான் உள்ளே வேலை நடக்கும் என்பதால், போர்ட்டர் அப்பாசாமி ஒவ்வொரு தடவையும் சிவப்புச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறி நின்றார். கண்ணாடிக்குள் வண்ணச் சக்கரம் சுற்றும், குட்டி பல்புகள் மினுக்கும், சக்கரம் நின்றதும் பரசுராமன் முன்பக்கம் கையை நீட்டிக் காசைப் போடுவான். டக்கென்று சீட்டு விழும். ஒரு பக்கம் எடை. மறுபக்கம் ஒரு நடிகையின் படமும் அதற்குக் கீழே ஒரு வரி ஜோசியமும். மதியத்துக்குள் அப்பாசாமிக்கு வெளியூர்ப் பயணம், பகைவர் நாசம், மேலதிகாரியின் பாராட்டு என்று பலவிதமான எதிர்காலம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் காதில் செருகி வைத்திருந்தார்.

கார்த்திகை தீபத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. வண்டிக்கு வண்டி கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. மெஷின் காசை விழுங்குகிறது என்று ஜனங்கள் அதை எட்டி உதைப்பதாகவும், உடனே ஆள் அனுப்பாவிட்டால் தூக்கி வெளியே போட்டுவிடப் போவதாகவும் ஸ்டேஷன் மாஸ்டர் மெட்ராஸ் கம்பெனிக்கு எழுதியிருந்தார். விழுப்புரத்திலிருந்து காட்பாடி வரைக்கும் உள்ள மெஷின்களுக்கெல்லாம் பரசுராமன்தான் மெக்கானிக். காலை வண்டியில் வந்து இறங்கியவன், காந்தத்தைக் கழற்றித் துடைத்தான். காசின் கனத்தைப் பார்க்கும் சின்னத் தராசுக் கையை எண்ணெய் தொட்டு ஆட்டிப் பார்த்தான். சீட்டைத் தள்ளும் நெம்புகோலின் ஸ்பிரிங்கை மாற்றினான். எல்லாம் சரியாக இருந்தது. கதவைப் பூட்டிவிட்டுத் தள்ளி நின்றால், மொட்டையடித்த பெரியவர் ஒருவர் காசு போடுவார், சீட்டு வராது, திட்டிக்கொண்டே போவார். ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. இறுகிக் கிடந்த அந்த இரும்புக் கதவை உலுக்கித்தான் திறக்க வேண்டும். அந்த உலுக்கலிலேயே காசு நழுவி உண்டியலுக்குள் போய்விடும். நோய் இருக்கிறது, டாக்டர் வந்ததும் ஒளிந்துகொள்கிறது.

பத்து மணிக்கு முடித்துவிட்டு கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைப் பிடிப்பதாகத்தான் விழுப்புரத்தில் ஏறும்போது நினைத்திருந்தான். பிறகு பதினொன்று என்றான், பிறகு சாப்பாட்டுக்கு அப்புறம் என்றான். வேலை முடியாதது ஒரு பக்கம் ஆறுதலாக இருந்தது. அப்படி ஆறுதலாக இருப்பதுதான் அவனைக் குடைந்தது. எழுந்து குழாயடிக்குப் போனான், தாகமில்லாமல் தண்ணீர் குடித்தான், திரும்பி வந்து ஏற்கெனவே முறுக்கிய திருகையே மறுபடி முறுக்கினான்.

கீழ்பென்னாத்தூரில் அவன் மனைவி ஜோதியம்மாள் தாய் வீட்டில் இருந்தாள். ஆனி மாதம் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தபோது பரசுராமன் காட்பாடியில் இதுபோல ஒரு மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தான். தந்தி அவனைத் தேடி ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய், அவன் கைக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஜோதியின் அண்ணன் பலராமனே கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தான். பரசுராமன் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்றான். மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டான். அவள் அண்ணனோடு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. அதற்குப் பிறகு சில தடவை போய் வந்தான். காபி வரும், குடிப்பான். மழையைப் பற்றியும் மணிலாக் கடலை விளைச்சலைப் பற்றியும் பலராமனிடம் பேசுவான். கடைசி பஸ் எப்போது என்று கேட்டுக்கொண்டு எழுந்துவிடுவான். ஜோதி கதவோரம் நிற்பாள். போகட்டுமா என்பான். தலையசைப்பாள்.

காட்பாடி வண்டிக்குக் கூட்டம் சேர ஆரம்பித்தபோது, மெஷின் மேல் ஏற அப்பாசாமி இல்லை. யாருடைய டிரங்குப் பெட்டியையோ தூக்கப் போயிருந்தார். அவர் தலையில் அந்தப் பச்சைப் பெட்டியோடு வருவதைப் பார்த்ததும், எங்கேயோ பார்த்த பெட்டி என்று பரசுராமனுக்குத் தோன்றியது. பின்னாலேயே பலராமன் வந்தான். அவனுக்குப் பின்னால் மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜோதி வந்தாள்.

பரசுராமன் எழுந்தான். கை முழுக்க மசகு. துடைத்துக்கொள்ளத் துணி தேடினான்.

பலராமன்தான் சங்கடப்பட்டான். வேலூரில் பால்வாடி டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஒரு வருஷம், ஹாஸ்டலிலேயே தங்க வேண்டும், போளூரில் இன்னும் இரண்டு பெண்கள் ஏறுவார்கள், கூட்டாகப் போய்விடுவார்கள் என்று ஒரே மூச்சில் சொன்னான். சொல்லி அனுப்ப வேண்டும் என்றுதான் இருந்தோம் மாப்ள, என்று இழுத்தான். பிறகு டிக்கெட் வரிசை நீளமாக இருப்பதைக் கண்டுபிடித்தவன்போல அந்தப் பக்கம் போய்விட்டான். அப்பாசாமியும் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போனார்.

ஜோதி மெஷினைப் பார்த்தாள். இதற்கு என்ன கேடு என்று கேட்டாள். அவள் அதைக் கேட்டது அவனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்தது. காசு எப்படி உள்ளே வருகிறது, எங்கே வளைகிறது, தராசு எப்படி அதை நிறுத்துப் பார்க்கிறது, கள்ளக்காசு எப்படி வெளியே தள்ளப்படுகிறது என்று விரலால் காட்டிக் காட்டிச் சொன்னான். காலையிலிருந்து தான் போட்ட காசு ஒவ்வொன்றும் ஒழுங்காக விழுந்ததைச் சொல்லும்போது அவன் குரலில் மெஷின்மேல் ஒரு மனத்தாங்கல்கூட இருந்தது.

"எது, அந்தப் பையில இருக்கற காசா?" என்றாள். தோல் பைக்குள் கம்பெனி கொடுத்த சோதனைக் காசுகள் பளபளவென்று கிடந்தன.

"ஆமா."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். விபூதிப் பொட்டலத்தோடு சேர்த்து முடிந்திருந்த சில்லறையில் ஒரு காசை எடுத்தாள். காலையில் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வருகிறாள் போலிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மெஷின்மேல் ஏறி நின்றாள். சக்கரம் சுற்றி நின்றது. காசைப் போட்டாள். கதவு திறந்தே இருந்ததால் பரசுராமன் உள்ளே பார்த்தான். காசு உருண்டு வந்தது. வளைவில் தயங்கியது. பக்கவாட்டில் சாய்ந்து அப்படியே ஒட்டிக்கொண்டது.

விரலை விட்டுத் தடவிப் பார்த்தான். வளைவின் உள்விளிம்பில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு பிசுக்கு. விபூதியும் விளக்கு நெய்யும் குங்குமமும் மழை ஈரத்தில் குழைந்து களிம்பாகியிருந்தன. கோயிலிலிருந்து வரும் காசுகளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து அப்பியது. அவனுடைய காசுகள் வழவழப்பில் அதன்மேல் வழுக்கிப் போயின. அவளுடைய காசு அதோடு ஒட்டிக்கொண்டது. "கெடச்சிடுச்சு" என்றான். முகம் மலர்ந்துவிட்டது. மண்ணெண்ணெய்த் துணியைக் குச்சியில் சுற்றி வழித்து வழித்து எடுத்தான். சிக்கியிருந்த காசு தானாக நழுவித் தராசில் இறங்கியது. டக்.

முன்பக்கத்தில் அவள் சீட்டை எடுத்துப் பார்த்தாள். அவன் எழுந்து வந்து அவள் தோள் வழியாகப் பார்த்தான். முப்பத்தொன்பது கிலோ.

"மெஷின் கம்மியா காட்டுதோ," என்றான்.

"மெஷின் சரியாத்தான் காட்டுது."

அவள் இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் அவன் அவளைப் பார்த்தான். கழுத்தெலும்பு தெரிந்தது. வளையல்கள் முழங்கை வரை ஏறியிருந்தன. இவ்வளவு நாளும் போய்ப் போய் எதைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று நினைத்தான்.

"வூட்டுக்கு வந்தா பஸ் எத்தன மணிக்குன்னு கேக்கறீங்க," என்றாள் தணிந்த குரலில். "வேற ஒண்ணுமே கேக்கல நீங்க."

வண்டி துரிஞ்சலாற்றுப் பக்கம் ஊதுவது கேட்டது. ஜனங்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். யாரோ அவனை இடித்துவிட்டுப் போனார்கள். பரசுராமன் நகரவில்லை.

"கொழந்த எப்டி இருந்துச்சு?"

அவள் பையின் காதைச் சுருட்டி, அவிழ்த்து, மறுபடி சுருட்டினாள்.

"முடி நெறைய இருந்துச்சு. கைய மூடிக்கினு இருந்துச்சு. நான் ஒரே ஒரு தடவதான் பாத்தேன்." அவன் முகத்தைப் பார்த்தாள். "காது உங்களுது."

அவன் கை தன்னையறியாமல் காதுக்குப் போனது. மசகு காதில் அப்பியது.

வண்டி புகையோடு வந்து நின்றது. பலராமன் டிக்கெட்டோடு ஓடி வந்தான். அப்பாசாமியைக் கூப்பிட நேரமில்லை. பரசுராமனே பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஏறினான். சன்னலோரத்தில் ஒரு இடம் பிடித்து அவளை உட்கார வைத்துவிட்டு, பெட்டியைப் பலகைக்கு அடியில் தள்ளினான். அது முழுவதும் போகவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தான், மறுபடி திருப்பினான். விசில் ஊதியது. வண்டி எடுத்துவிட்டான், இறங்குங்க என்று பலராமன் சன்னலுக்கு வெளியே நடந்துகொண்டே சொன்னான். பரசுராமன் வாசல் பக்கம் திரும்பினான். பிளாட்பாரத்தில் மெஷின் கதவு திறந்தபடியே இருந்தது. உண்டியலும் கருவிப் பையும் அப்படியே கிடந்தன. அப்பாசாமி ஓடிவந்து கதவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அவர் ஏதோ சொன்னது கேட்கவில்லை. பிளாட்பாரம் முடிந்து சரளைக்கல் வந்தது.

டிக்கெட் இல்லை. சட்டைப் பையில் திருப்புளி ஒன்றுதான் இருந்தது. வேலை போய்விடும், நிச்சயம் போய்விடும் என்று நினைத்தான். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி லாரி ஏதாவது பிடித்துத் திரும்பிவிடலாம் என்றும் நினைத்தான். உட்கார முடியவில்லை, வாசலுக்கும் பலகைக்கும் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜோதி அவனை இறங்கச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. சன்னலுக்கு வெளியே மலை மெதுவாகத் திரும்பி வேறு மலைபோல ஆகிக்கொண்டிருந்தது.

துரிஞ்சாபுரத்தில் வண்டி நின்றது. அவன் வாசலுக்கு வந்தான். கீழே மணிலா மூட்டைகளோடு ஒரு குடும்பமே காத்திருந்தது. அவன் காலை எடுத்து வைப்பதற்குள் முதல் மூட்டை உள்ளே விழுந்தது, அதன்மேல் இன்னொன்று, பிறகு கோழிக் கூடை. கொஞ்சம் பிடிங்க சார் என்று ஒரு அம்மாள் நான்காவது மூட்டையின் காதை அவன் கையில் கொடுத்தாள். அவன் இழுத்து உள்ளே போட்டான். வாசல் அடைந்துவிட்டது. மூட்டைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். ஜோதி இன்னும் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறிய கூட்டம் பலகையில் நெருக்கியடித்து உட்கார, அவள் மட்டும் மஞ்சள் பையைத் தன் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடத்தில் வைத்து, அதன்மேல் கையை ஊன்றியிருந்தாள்.