போர்ட் எழுவதற்கு முன்

காலையிலிருந்து, கம்ப்யூட்டர்களை இணைக்கும் அந்த நெட்வொர்க் ஸ்விட்ச் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. மின்தடை முடிந்து மறுபடி கிளம்பியதும் திரையில் 'எல்லாம் சரி' என்று காட்டியது. ஆனால் மருத்துவமனையின் மேல்மாடியில் ஒரு கம்ப்யூட்டருக்கும் இணைப்பு இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு நர்ஸுகள் மேலும் கீழுமாக ஓடினார்கள்.

நான் சாயங்காலத்துக்குள் வீட்டில் இருக்க வேண்டும். போன வாரம் ஒற்றைப் பையோடு வந்து இறங்கிய அக்கா, இன்று பஸ் ஏறித் திரும்புகிறாள். அவள் வந்த நாளிலிருந்து, தினமும் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டுக்கொண்டிருக்கிறேன்: "என்னாச்சு? மாமா ஏதாவது சொன்னாரா? சண்டையா?" அவளும் சளைக்காமல், "ஒண்ணுமில்லடி, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். இப்படியே போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஸ்விட்ச் கிளம்பும்போது முதலில் உள்ளிருக்கும் சிப் விழித்து, கேபிள் செருகும் போர்ட்டுகள் எழ வேண்டும். அதற்குப் பிறகுதான் எந்த போர்ட் யாருக்கு என்ற கட்டளைகள் போக வேண்டும். இதையெல்லாம் வரிசையாகச் செய்யும் தொடக்க ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். நடுவில் காத்திருக்கச் சொல்லும் வரியைக் காணோம்.

எங்கள் குழுவில் புல்லட் என்று ஒருவன், எப்போதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்பவன்.

"அந்த வரிய நீயா எடுத்த?" என்றேன் அவனிடம்.

"கிளம்ப ஏன் இவ்ளோ நேரம்னு மேனேஜர் நச்சரிச்சாரு. அதான் தூக்கிட்டேன். எர்ரர் எதுவும் வரலையே!"

"எப்படி வரும்? தூங்குறவன் காதுல சொல்லிட்டு, சொல்லியாச்சுன்னு ஸ்கிரிப்ட் போயிருக்கு."

அதற்கு மேல் திட்டத் தெம்பில்லை. சிப் தயார் என்று பதில் வரும்வரை காத்திருக்கும்படி எழுதி, மறுபடி ஓட்டினேன். திரை அப்படியே நின்றது.

"தொங்கிடுச்சா?" என்றான் புல்லட், நகத்தைக் கடித்துக்கொண்டே.

"வாய மூடிட்டு இரு. அது வரட்டும்."

ஒவ்வொரு போர்ட்டாக எழுந்தது. மேல்மாடியிலிருந்து போன் வந்தது: "வந்துடுச்சு மேடம்."

வீட்டுக்கு வந்தபோது அக்கா பையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். களைப்பில் கண் செருகியது. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"உன் மாமா கை நீட்டுறாருடி" என்றாள் கடைசியில். "இன்னிக்கு நேத்தில்ல. கல்யாணமான நாள்லேர்ந்து."

பையை அவள் மடியிலிருந்து எடுத்து, உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.