இல்லாத மில்லில் வலதுபக்கம்

மாட்டு டாக்டர் அந்த ஏரிக்கரைச் சிற்றூருக்குக் குடிவந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அவள் கணவனுக்கோ தலைகால் புரியவில்லை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மனுஷன், வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மலை, மேகம், ஏரி, நீலக் கதவு போட்ட கடைகள், எதிர்க்கரையில் பொம்மை மாதிரி இன்னொரு குட்டி ஊர். "இங்க பாரேன், அங்க பாரேன்" என்று காட்டிக்காட்டியே அவள் கழுத்து சுளுக்கிவிட்டது.

அவளுக்கும் சந்தோஷம்தான். ஆனால் இன்னும் ஒரு மாடுகூட அவள் கைக்கு வரவில்லை. முன்பு வந்த டாக்டர்கள் எல்லாம் ஒரு குளிர்காலம் தாங்காமல் மூட்டை கட்டியவர்கள். இவளும் கட்டத்தான் போகிறாள் என்று ஊரே முடிவு செய்திருந்தது.

அன்று காலை போன் அடித்தது. மேட்டுப் பண்ணைக்காரி.

"டாக்டரம்மா, பசு கன்னு போட முடியாம தவிக்குது. இனிமே தாங்காது போல இருக்கு. ஓடி வாங்க!"

"இதோ கிளம்பிட்டேன். வழி சொல்லுங்க."

"ரொம்ப சுலபம். எரிஞ்சுபோன மில்லுல வலதுபக்கம், பெரிய மரத்துக்கிட்ட இடதுபக்கம். அவ்வளவுதான்."

பையைத் தூக்கிக்கொண்டு அவள் ஓட, அவன் காரை விரட்டினான். மில்லைக் காணோம். மலைகளுக்கு நடுவே போனில் சிக்னலும் காணோம். போன பாதையிலேயே திரும்பத் திரும்பச் சுற்றினார்கள். கடைசியில் கடைவீதிக்கே வந்து ரொட்டிக்கடை முன்னால் காரை நிறுத்தினார்கள்.

"மில்லா? பழைய பாலத்தைத் தாண்டினதும் வரும்" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"பாலம் எங்கங்க?"

"அது வெள்ளத்துல போயிடுச்சே."

"மில்லாவது இருக்கா?"

"எரிஞ்சுபோன மில்லு எப்படிம்மா இருக்கும்? அந்த இடத்துல புல்லு முளைச்சுக் கெடக்கு."

அந்த வட்டாரத்தில் வழி சொல்கிற லட்சணம் அதுதான். கண்ணெதிரே இருப்பதை ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். ஒரு காலத்தில் இருந்ததைச் சொல்வார்கள், கேட்பவரும் கூடவே இருந்து பார்த்த மாதிரி.

டாக்டருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அங்க ஒரு உசுரு துடிச்சுக்கிட்டு இருக்குங்க! நீங்க எனக்கு இல்லாத ஊருக்கு வழி சொல்றீங்க!"

ரொட்டிக்கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். மாவுக் கையாலேயே போனை எடுத்தார். "நீங்க வண்டிய எடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

ஊர் எல்லை தாண்டியதும் முதல் திருப்பத்தில் தபால்காரி நின்றாள், கையை வலதுபக்கம் நீட்டிக்கொண்டு. அடுத்த வளைவில் முடிதிருத்துகிறவர், கையில் கத்தியோடு. பக்கத்தில் பாதி முகம் சோப்பு நுரையோடு அவருடைய வாடிக்கையாளர். இருவரும் ஒரே பக்கம் கை காட்டினார்கள். கணவன் உற்சாகம் தாங்காமல் ஹாரனை அலறவிட்டான். மேட்டின் உச்சியில் வெட்டவெளி நடுவே பருமனான ஓர் அம்மாள் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கத்தினாள்:

"நான்தாங்க அந்தப் பெரிய மரம்! இடதுபக்கம் போங்க!"

தொழுவத்தில் பசு துவண்டு படுத்திருந்தது. பண்ணைக்காரி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் தம்பி நின்றிருந்தான். டாக்டர் கையில் சோப்பைக் குழைத்து உள்ளே விட்டுப் பார்த்தாள். பின்னங்கால்கள்தான் முன்னால் வந்திருந்தன. இப்படி வருகிற கன்றின் இடுப்பு வெளியே வந்துவிட்டால் பிறகு இழுப்பதை நிறுத்தக்கூடாது. தொப்புள்கொடி நசுங்கி, தலை உள்ளே இருக்கும்போதே மூச்சடைத்துவிடும்.

கால்களில் கயிற்றைச் சுருக்கிட்டு மறுமுனையைக் கணவனிடமும் பண்ணைக்காரியின் தம்பியிடமும் கொடுத்தாள். "பசு முக்கும்போது இழுங்க. நான் சொன்னதும் நிறுத்தாம இழுக்கணும்."

"நானா?" என்றான் கணவன்.

"வேற யாரு, மேகமா வந்து இழுக்கும்? பிடிங்க!"

இழுத்தார்கள். இடுப்பு வந்தது. "இப்ப! விடாதீங்க!" என்று அவள் கத்தினாள். வழவழவென்று முழுக் கன்றும் வைக்கோலில் வந்து விழுந்தது. அசைவில்லை.

வாயிலிருந்த கோழையை வழித்தாள். வைக்கோலால் மார்பைத் தேய்த்தாள். ஒரு துரும்பை எடுத்து மூக்குக்குள் விட்டுக் குடைந்தாள். "தும்முடா கண்ணு, தும்மு!" பண்ணைக்காரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கன்று தும்மியது. அடுத்து காதை ஆட்டியது.

"ஹோ!" என்று பின்னால் பெரிய சத்தம். டாக்டர் திரும்பினாள். தொழுவ வாசல் நிறைய ஆட்கள். தபால்காரி, பாதி முகம் நுரை காய்ந்த ஆள், மரமாக நின்ற அம்மாள், கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்த ரொட்டிக்கடைக்காரர். எல்லாருக்கும் வாயெல்லாம் பல். பசு எழுந்து கன்றை நக்க ஆரம்பித்தது. டாக்டர் தோள்வரை நனைந்த கையோடு வைக்கோலில் உட்கார்ந்து, வெட்கமே இல்லாமல் அழுதுகொண்டே சிரித்தாள்.

கணவன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு எல்லாரையும் பார்த்தான். "அடப்பாவமே, மொத்த பேரும் இங்க வந்துட்டீங்க. நாங்க திரும்பிப் போறதுக்கு யாரு வழி காட்டறது?"

பண்ணைக்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இப்படிப்பட்ட டாக்டருக்குத் திரும்பிப் போற வழிய யாராவது காட்டுவாங்களா?" என்றாள்.