தட்டைத் தேடும் அலமாரி

சுஹைருக்கு அலுத்துப்போயிருந்தது. தான் வடிவமைத்த அலமாரியோடு தானே குடித்தனம் நடத்துவதைப்போல் ஒரு தண்டனை உண்டா? ஒவ்வொரு தட்டின் அடியிலும் ஒரு சின்னச் சில்லு. அலமாரி ரேடியோ அலையை அனுப்பி அவற்றை ஓயாமல் விசாரிக்கும். எல்லாத் தட்டும் உள்ளே இருந்தால் பச்சை விளக்கு. ஒன்று குறைந்தாலும் சிவப்பு, கூடவே ஒரு பெண்குரல்: "ஒரு தட்டைக் காணவில்லை." இரண்டு வாரமாக இதே ஒப்பாரி.

இன்று மதியம் அலமாரியைச் சோதிக்கத் தேர்வுக்குழு வீட்டுக்கே வருகிறது. சிவப்பு எரிந்தால் திட்டத்தை மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். மூடினால் அவளுக்கும் வேலை இல்லை.

"அந்தத் தட்டு எங்கதான் போச்சு?"

கணவன் நிதால் சோபாவை விட்டு அசையவில்லை. "கீழ்வீட்டு உம்மு கைஸுக்கு மக்லூபா சோறு குடுத்தனுப்பினியே, அதான். எதையாவது சமைச்சு வச்சு அனுப்புவாங்க."

"எப்ப?"

"அதைப் போய்க் கேப்பாங்களா? வெக்கமா இல்ல உனக்கு?"

அம்மான் நகரத்தில் கொடுத்த தட்டை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. வாங்கியவர் அதை வெறுந்தட்டாகத் திருப்பி அனுப்புவதுமில்லை. சுஹைருக்குத் தெரியாதா என்ன? ஆனால் வெட்கப்படவும் தெம்பு வேண்டுமே. இறங்கிப் போனாள்.

"வா கண்ணு, உள்ள வா," என்றாள் உம்மு கைஸ்.

"நேரமில்லக்கா. அந்த நீலத் தட்டு... அலமாரி விடாம கேக்குது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

உம்மு கைஸ் சிரிக்கவில்லை. பட்டறைக்குப் போயிருக்கவேண்டிய நேரத்தில் அவள் கணவர் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "மறக்கலம்மா. இதோ அனுப்பறேன்."

சற்று நேரத்தில் தட்டு வந்தது. துணியை விலக்கினால் அவித்த முட்டை ஒன்று, பக்கத்தில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் சாத்தர் பொடி கொஞ்சம். அந்த வீட்டில் இருந்ததே அவ்வளவுதான் என்று சுஹைருக்கு அப்போதுதான் உறைத்தது. வைத்தனுப்ப எதுவுமில்லாமல்தான் தட்டு இத்தனை நாள் அங்கேயே கிடந்திருக்கிறது. பாவி, இதைப் போய்க் கேட்டோமே! அதற்குள் வாசலில் கார் சத்தம். முட்டையை எடுத்து வைத்துவிட்டுத் தட்டைக் கழுவி, துடைத்து, உள்ளே வைத்தாள்.

பச்சை எரிந்தது. "இனிமே அக்கம்பக்கம் போன தட்டுகூடத் தொலையாது," என்று குழுத் தலைவர் கைகொடுத்தார். திட்டம் பிழைத்தது. அவளுக்குச் சந்தோஷமே வரவில்லை, உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

உட்காரவில்லை. ஆட்டுக்கறியும் சோறும் சமைத்து, அதே நீலத் தட்டில் குவித்து, சாயங்காலம் கீழே எடுத்துப்போனாள்.

"உன் கை நல்லாருக்கணும்," என்று வாங்கிக்கொண்டு உம்மு கைஸ் உள்ளே போனாள். சோற்றைத் தன் சட்டியில் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. பிறகு குழாய்ச் சத்தம். ஈரம்போகத் துடைத்த தட்டோடு திரும்பி வந்தாள்.

"கையோட கொண்டுபோயிரும்மா. அலமாரி தேடும்."

கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள். கல்யாணமாகி அந்தக் கட்டடத்துக்கு வந்ததிலிருந்து முதல்தடவையாக, சுஹைர் வெறுந்தட்டோடு படியேறினாள்.