சேய்மையின் வணக்கம்

சாவகச்சேரிக்குப் போகும் மினி பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த சிறுமி தன் தம்பிக்குச் சேய்மையின் வணக்கத்தைப் பழக்கிக்கொண்டிருந்தாள். பெருவிரலால் நெற்றியில் ஒரு சின்னக் கீறல், வாயில் ஒன்று, நெஞ்சில் ஒன்று. நெஞ்சை விட்டுவிட்டுத் தோளில் கீறினாள். திருத்தச் சொல்லி என் கை துடித்தது. அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தேன். சேய்மை நான்தான் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

'நீலக் கோள்' தொடரைப் பௌதிகம் படிப்பித்த தியாகராசா மாஸ்டர் 1984இல் தொடங்கினார். சிங்கப்பூரிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த கமராவை வைத்து, வானத்தில் வழி தவறிய ஒரு கலத்தின் கதையை அரைமணி அரைமணியாக எடுத்தார். கசற்றில் பிரதி போட்டு, ரீவியும் டெக்கும் உள்ள இடமெல்லாம் அனுப்பினார். 1990இல் மின்சாரம் நின்றது, தொடர் நிற்கவில்லை. சனம் மண்ணெண்ணெய் ஊற்றி ஜெனரேற்றரை இயக்கிப் பார்த்தது. கலியாண வீடானாலும் பிள்ளை பெரியவளான சாமத்திய வீடானாலும் சாப்பாட்டுக்குப் பிறகு 'நீலக் கோள்' போடாவிட்டால் வந்தவர்களுக்குக் குறைதான்.

கலம் இருந்தது மீசாலையில், கரண்ட் இல்லாமல் மூடிக் கிடந்த அரிசி ஆலைக்குள். நெல் கொட்டும் பெட்டி எங்கள் இயந்திர அறை. வெளியே நான்கு பேர் அலுமாரிக் கண்ணாடிகளைப் பிடித்து வெயிலை உள்ளே திருப்பிவிடுவார்கள். அதுதான் எங்கள் விளக்கு. முகில் மறைத்தால் விண்வெளிப் பயணமும் நின்றுவிடும்.

ஆண்களுக்குக் குறைவில்லை. பெண்பிள்ளையை நடிக்க விட எந்தத் தகப்பன் சம்மதிப்பான்? மாஸ்டர் அதற்கும் ஒரு வழி கண்டார். கலத்தில் வரும் ஒரே பெண் வேற்றுக்கோள்காரி, அவளுக்கு வெள்ளி முகம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆனபடியால் என் முகத்துக்கு ஒரு மூடி. மாஸ்டரிடம் என் அப்பா நடராசா இரண்டு நிபந்தனைகள் வைத்தார்: முகம் தெரியக் கூடாது, பெயர் வரக் கூடாது. கடைசியில் எழுத்து ஓடும்போது கண்ணாடி பிடித்தவர்களின் பெயரெல்லாம் வரும். சேய்மைக்கு நேரே 'சேய்மை' என்றே இருக்கும்.

கப்டனாக வரும் பஞ்சலிங்கத்துக்கு எந்தத் தேநீர்க் கடையிலும் வடை சும்மா கிடைத்தது. எனக்குக் கிடைத்தது அலுமினியப் பெயின்ற். அதைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் கையிலும் காலிலும் பூசுவார்கள்; பின்னேரம் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாலும் கடியும் அரிப்பும் போகாது. வெளிச்சக் குண்டு இறங்கிய பரசூட் சீலையில் தைத்த அங்கியை முதுகில் ஊசி நூலால் மூடிவிடுவார்கள். பிறகு ஆறு மணித்தியாலம் ஒன்றுக்குப் போக முடியாது. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன். வேற்றுக்கோள்காரிக்குத் தாகம் வராது என்று பஞ்சலிங்கம் பகிடி விடுவான். வசனத்தை மட்டும் மண் முட்டிக்குள் வாயை வைத்துத் தனியாகப் பேச வேண்டும். அதற்குள் பேசினால் எல்லாப் பெண்ணின் குரலும் ஒரே குரல்தான்.

நான் மூன்றாவது சேய்மை. முதலில் இருந்த கத்தரீனா ஒரு வருடம் செய்துவிட்டுக் கலியாணமாகிக் கனடா போய்விட்டாள். அடுத்தவள் சிசிலியா. எட்டு வருடம். வணக்கத்தைக் கொண்டுவந்தவள் அவள்தான். ஒவ்வொரு காட்சிக்கும் முன் பெருவிரலால் ஏதோ கீறுவாளாம். ஒருநாள் அது தவறிப் படத்தில் விழுந்தது. மாஸ்டருக்குப் பிடித்துப்போய், நீலக் கோளில் எல்லோரும் இப்படித்தான் வணங்குவார்கள் என்று கதையில் எழுதிவிட்டார். 1993 தொடக்கத்தில் சிசிலியா கடவுச்சீட்டு எடுக்கக் கொழும்புக்குப் புறப்பட்டாள். கிளாலிக் கடலேரியில் அவள் ஏறிய படகு அக்கரை சேரவில்லை. அடுத்த மாதம் முகமூடி எனக்கு வந்தது. பழைய கசற்றுகளைப் பார்த்து அவளுடைய நடையைப் பழகினேன், தலை சாய்ப்பதைப் பழகினேன், வணக்கத்தையும் பழகினேன். நெஞ்சில் கை வந்ததும் மாஸ்டர் எப்போதும் வெட்டிவிடுவார். அதனால் நானும் நெஞ்சோடு நிறுத்தினேன்.

ஒன்றை மட்டும் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. முகமூடியை எடுத்துப் போடும்போது அதன் உட்புறம் சூடாக இருக்கும், யாரோ அப்போதுதான் கழற்றி வைத்ததைப் போல. தகரக் கூரையின் வெக்கை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மார்கழி மழையிலும் அது சூடாகத்தான் இருந்தது.

அடுத்த வருடம் பங்குனியில் ஒரு காலை. நான் கையில் பெயின்ற் பூசிக்கொண்டிருந்தேன். ஆலை வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். வெள்ளைச் சேலை, கழுத்தில் செபமாலை, புழுதி படிந்த கால். லூர்த்தம்மா என்று சொன்னார். சிசிலியாவின் தாய். ஊர்காவற்றுறையிலிருந்து இடம்பெயர்ந்து, பள்ளிக்கூடம் ஒன்றில் அகதியாக இருக்கிறார். அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

"என்ரை மகளை ஒருக்காக் கூப்பிடுங்கோ. நான் ஏச மாட்டன்" என்றார்.

மாஸ்டர் வாங்கிலில் இருத்தித் தண்ணீர் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் விளங்கியது. மகள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது, ஆத்துமத்துக்குப் பூசை ஒப்புக்கொடு என்று பங்குச் சுவாமியார் சொல்லியிருக்கிறார். லூர்த்தம்மாவும் மனதைத் தேற்றி நாள் குறித்துவிட்டார். அந்தக் கிழமை ஒரு சாமத்திய வீட்டில் 'நீலக் கோள்' புதிய பாகம், நூற்றுப் பன்னிரண்டாவது, போட்டார்கள். அதில் மகளைக் கண்டார். படகில் ஏறவேயில்லை, வீட்டுக்கு முகம் காட்ட வெட்கப்பட்டு இங்கே ஒளிந்து நடிக்கிறாள் என்று நம்பிவிட்டார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எந்தத் தாய் செத்த பூசை செய்வாள்? அதற்காகத்தான் வந்திருந்தார். இருக்கிறாளா, இல்லையா? அவரிடம் மகளின் ஒரு படமும் இல்லை. சிலது இடம்பெயர்ந்தபோது தீவிலே போனது, மிச்சம் கடவுச்சீட்டுக்கென்று மகளோடு போனது.

நான் பெயின்ற் கையோடு போய் அவருக்கு முன் குந்தியிருந்தேன். அது நான்தான் அம்மா, ஒரு வருடமாக நான்தான் செய்கிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். செய்து காட்டு என்றார். நெற்றி, வாய், நெஞ்சு. செய்தேன்.

"உது எங்கடை சிலுவை அடையாளம், பிள்ளை. நீ சைவப் பிள்ளை. உனக்கு உதை ஆர் காட்டித் தந்தது?"

நான் மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் என்னைப் பார்த்தார். பத்து வருடத் தொடர். சைவக்காரர் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு மீன்பிடிக்காரப் பிள்ளையின் செபத்தை வேற்றுக்கோள் வணக்கமாக ஊரெல்லாம் பரப்பியிருக்கிறோம். வேதக்காரப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்திருப்பார்களோ என்னவோ, எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சிசிலியா பயந்து பயந்துதான் ஒவ்வொரு காட்சிக்கும் நின்றிருக்கிறாள். எட்டு வருடம் அந்தப் பயத்தைத்தான் படம் பிடித்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் லூர்த்தம்மா இன்னும் முடிக்கவில்லை. நீ செய்தது பாதிதான் என்றார்.

"அந்தப் படத்திலை அவள் கடைசியிலை பெருவிரலைக் கொஞ்சினவள். சின்னனிலை இருந்து அப்பிடித்தான். அதைக் கண்டாப்பிறகுதான் நான் எழும்பினனான்."

நான் ஒருநாளும் விரலை முத்தமிட்டுக் கொஞ்சியதில்லை. அப்படிச் செய்ய வேண்டும் என்றே தெரியாது. அம்மா ஏதோ ஆசையில் கண்டிருக்கிறார் என்று நினைத்து, போட்டுக் காட்டினால் தெளிந்துவிடுவார் என்றேன். ஜெனரேற்றரை இழுத்து இயக்கினார்கள்.

பாகம் நூற்றுப் பன்னிரண்டு. சேய்மை கலத்தின் வாசலில் நிற்கிறாள். நெற்றி, வாய், நெஞ்சு. வழக்கமாக வெட்டுகிற இடத்தில் படம் வெட்டவில்லை. நெஞ்சிலிருந்த கை மெல்ல எழுந்து, பெருவிரல் நகம் வெள்ளி வாயைத் தொட்டு, ஒரு கணம் நின்று, இறங்கியது.

லூர்த்தம்மா திரையைக் கைகாட்டினார். எனக்கு ஒரு விளக்கம் தோன்றியது: கசற் தட்டுப்பாடு, பழையதன் மேல்தானே புதிதை எடுக்கிறோம், சிசிலியா காலத்துத் துண்டு ஒன்று அழியாமல் நடுவில் கிடந்திருக்கிறது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது அந்தப் படத்தில் அவளுடைய காலடியைக் கண்டேன். நிலத்தில் ஒரு வெயில் வட்டம், அரிசி புடைக்கும் சுளகின் அளவு. சிசிலியா போய் ஆறு மாதத்துக்குப் பிறகு ஷெல் விழுந்து கூரையில் வந்த ஓட்டையின் வெயில் அது. அந்த வெயிலில் நின்றவள் நான் மட்டும்தான்.

மாஸ்டரிடம் கேட்டேன், ஏன் வெட்டவில்லை என்று.

"அண்டைக்கு நீ கடைசியிலை செய்தது நல்லாயிருந்தது. அதுதான் விட்டனான்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பயத்தை எனக்குக் கோபமாகத்தான் காட்டத் தெரியும். கண்ணுக்கு முன்னால் செய்து காட்டுகிறேன், அதில் எது நான் என்று நீங்களே பாருங்கள் என்று சொல்லிவிட்டு முகமூடியை எடுத்தேன். நெஞ்சோடு நிறுத்துவது, கையை அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொள்வது என்று முடிவு. அந்த அம்மாவுக்கு உண்மை தெரிய வேண்டும், அவ்வளவுதான். முகமூடியின் உட்புறம் சூடாக இருந்தது.

கண் துவாரங்களுக்குள்ளால் லூர்த்தம்மா சின்னதாகத் தெரிந்தார். வாங்கிலிலிருந்து எழுந்து கிட்ட வந்தார். நெற்றி. வாய். நெஞ்சு. கையை நெஞ்சில் அழுத்தினேன். விரல்களை மடக்கிச் சீலையைப் பற்றிக்கொண்டேன்.

கை எழுந்தது. யாரும் பிடித்து இழுக்கவில்லை. நித்திரையில் புரண்டு படுப்பதைப் போல, என்னைக் கேளாமல், லேசாக எழுந்தது. பெருவிரல் வாயில் பட்டது. முகமூடியின் தகரத்துக்கு இந்தப் பக்கம், என் சொந்த உதட்டில் அந்தச் சூட்டை உணர்ந்தேன்.

லூர்த்தம்மா அந்தக் கையை எட்டிப் பிடித்தார். பெயின்ற் அவருடைய உள்ளங்கையில் ஒட்டியது. என்னைப் பாராமல், வெள்ளி முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டியே?" என்று கேட்டார். நான் பேசவில்லை. பேசினால் என் குரல் வந்துவிடும். தலையை மட்டும் ஆட்டினேன். அல்லது அது ஆடியது. வெகுநேரம் அப்படியே நின்றோம். வெளியே கண்ணாடி பிடித்தவர்கள் கைநோவில் ஏதோ கேட்டார்கள்.

பிறகு லூர்த்தம்மா கையை விட்டார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். கன்னத்தில் வெள்ளி பட்டது.

"நாளைக்குச் சுவாமியாரிட்டைப் போறன். பூசைக்குச் சொல்லவேணும்."

எனக்கு விளங்கவில்லை. முகமூடியைக் கழற்றினேன். மகள் இருக்கிறாள் என்றல்லவா நீங்கள் இப்போது கண்டது, அம்மா, என்று கேட்டேன்.

"உயிரோடை இருந்தால் என்ரை பிள்ளை உன்ரை கையிலை வரமாட்டாள்" என்றார். "என்னட்டை வந்திருப்பாள்."

பூசை அடுத்த வெள்ளி. நான் அப்பாவுக்குச் சொல்லாமல் போனேன். வேதக் கோவிலின் பின் வாங்கிலில் ஒதுங்கி இருந்தேன். சுவாமியார் சிசிலியாவின் பெயரை மூன்று தரம் சத்தமாக வாசித்தார். எட்டு வருடம் எந்த எழுத்திலும் ஓடாத பெயர். எல்லோரும் எழுந்து நெற்றி, வாய், நெஞ்சு என்று கீறினார்கள். முன் வாங்கிலில் லூர்த்தம்மா கடைசியில் பெருவிரலைக் கொஞ்சியதைக் கண்டேன்.

திங்கட்கிழமை படப்பிடிப்பு. வெயில் நன்றாக இருந்தது. முகமூடியைப் போட்டேன். உட்புறம் குளிர்ந்திருந்தது, கிணற்றடிச் செம்பு மாதிரி. வணக்கம் செய்தேன். கை நெஞ்சில் வந்து நின்றது. காத்திருந்தேன். அது அங்கேயே நின்றது.

மாஸ்டர் வெட்டச் சொன்னார். கடைசியில் ஒன்று குறைகிறது, பிள்ளை, என்றார்.

முகமூடிக்குள் அழுதால் ஒருவருக்கும் தெரியாது. அழுது முடித்துவிட்டு, மறுபடி எடுக்கச் சொன்னேன். இந்தமுறை கையை நானே உயர்த்தினேன்.