பத்து வயதுக் கணக்கு

கணவர் வருகிறார் என்று அவள் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்த வாரத்தில், கணவருக்குப் பதிலாக ஓர் அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே வீடியோ கேம் விளையாடும் கன்சோல். "லீவு கிடைக்கல. இதை வெச்சுக்கோ. என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை ஆனா ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கலாம்" என்று வெளிநாட்டிலிருந்து போனில் பெருந்தன்மையாக அறிவித்தார். மாமியார் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"அவனை எப்ப பார்சல் பண்ணுவானாம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். பெற்றவளுக்கே அவ்வளவுதான் நம்பிக்கை.

அவள் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடி ஆஸ்பத்திரி ஒன்றின் ஆறு லிஃப்டுகளையும் ஒன்பது வருடமாகப் பிரித்து மேய்கிறவள். அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் இவர் கடல் கடந்து வயர் மாட்டச் சொல்லிக்கொடுத்தார்.

"டிவிக்குப் பின்னாடி சப்பையா ஒரு ஓட்டை இருக்கும். பயப்படாத, ஷாக் எல்லாம் அடிக்காது."

"சரிங்க."

அவர் ஓட்டைக்கு வருவதற்குள் அவள் எல்லாவற்றையும் மாட்டி முடித்திருந்தாள். இருந்தாலும், பாவம், சொல்லி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவருக்கு வேறு எங்கே இப்படி ஓர் உபதேசம் செய்ய வாய்க்கும்?

கணக்குத் தொடங்கும் வேலையை மட்டும் அவரே எடுத்துக்கொண்டார். அங்கேதான் அந்த மகா மூளை வேலை செய்தது. பெரியவர் என்றால் தனிச் சந்தா கட்ட வேண்டும். குழந்தை என்றால் அப்பாவின் சந்தாவிலேயே ஓட்டிவிடலாம். எனவே முப்பத்துநான்கு வயது மனைவிக்குப் பத்து வயது என்று பதிந்து, தன்னை அவளுடைய பெற்றோராகவும் பதிந்துகொண்டார்.

"சும்மா ஒரு செட்டிங்தான்மா" என்றார்.

குழந்தைகள் கண்ணைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று கன்சோலுக்கு அக்கறை அதிகம். ஒரு மணி நேரம் ஆனதும் திரை நின்றுவிடும். 'உங்கள் பெற்றோரிடம் அனுமதி கேளுங்கள்' என்று எழுத்து வரும். கீழே காரணம் எழுத ஒரு கட்டமும் உண்டு. அவள் கேட்டால், கேள்வி அவருடைய திரைக்குப் போகும். அவர் மனமிரங்கி ஒரு பொத்தானை அமுக்கினால் இன்னும் ஒரு மணி நேரம் கிடைக்கும்.

விளையாட்டில் அவர் பெயர் கேப்டன். காப்பீட்டு அலுவலகத்தில் மேலதிகாரியைப் பார்த்தால் எழுந்து நிற்கிற மனிதர், இங்கே கோட்டை கட்டி நாலு நண்பர்களை அதட்டிக்கொண்டிருந்தார். மனைவிக்குக் கொடுத்த வேலை, காட்டுக்குப் போய் மரம் வெட்டி வந்து போடுவது.

அவளுக்கோ வேறு கவலை. அவரிடம் போய்ச் சேர அவளுக்கு விசா வந்துவிட்டது. திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடு என்று அவர் சொல்லிவிட்டார். அதே திங்கட்கிழமைக்குள் மேலாளருக்கும் பதில் சொல்லியாக வேண்டும்: எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு அவளைத் தலைவியாகப் போடுவதாக இருந்தார்கள். அவளுக்கு அந்த வேலை வேண்டும். அதை அவரிடம் மூன்று முறை சொல்லப் பார்த்தாள். மூன்று முறையும், "ஒரு நிமிஷம்மா, மேட்ச் போயிட்டிருக்கு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் மரம் வெட்டிவிட்டு நான்காவது முறையாக ஆரம்பித்தாள்.

"என்னங்க, என் வேலை விஷயமா கொஞ்சம் பேசணும்."

"அதான் நாளைக்கு விடப் போறியே, அதுல பேச என்ன இருக்கு? இடது பக்கம் மரம் நிக்குது பாரு."

"ரெண்டு நிமிஷம் கேளுங்களேன்."

"கோட்டைக்குள்ள ஆள் பூந்துட்டான்மா. அப்புறம்."

அவளுக்கு வந்த கோபத்துக்கு அந்தக் காட்டையே வெட்டிச் சாய்த்திருப்பாள். அதற்குள் ஒரு மணி நேரம் முடிந்து திரை நின்றது. பெற்றோரிடம் அனுமதி கேட்கச் சொன்னது. அவள் காரணம் எழுதும் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தேடி எழுதினாள்.

'நான் வேலையை விடப் போவதில்லை. தலைவிப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளப் போகிறேன். அங்கே வர மாட்டேன். இதைப் படித்தால் உடனே கூப்பிடுங்கள்.'

அனுப்பிவிட்டாள். படித்துவிட்டுக் கத்துவார், அழுவார், ஏதாவது ஒன்று செய்வார் என்று நினைத்தாள். செய்ய வேண்டும் என்று ஆசையும் பட்டாள்.

மூன்று விநாடியில் பதில் வந்தது. 'அனுமதிக்கப்பட்டது. ஒரு மணி நேரம்.'

"வந்துட்டியா?" என்றது ஹெட்செட். "மரம் தீர்ந்துபோச்சு. சீக்கிரம் போம்மா."

அவள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு மேலாளருக்குப் போன் செய்தாள்.

"சார், அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கறேன்."

"நல்லதும்மா. வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டியா?"

"கேட்டாச்சு சார். ஓகே குடுத்துட்டார்."